கற்காமலிருக்கும் உரிமை

ஆஸ்திரிய-ஹங்கேரிய வங்கி 1913ஆம் ஆண்டுத் தேதியிட்டு வெளியிட்ட இருபது குரோன் நோட்டின் ஒரு முகத்தில் ஜெர்மன் மொழி பெரிய எழுத்தில் அதிகாரத்தோடு வீற்றிருக்க, செக், போலிஷ், ருத்தீனியம், இத்தாலியம், ஸ்லோவீனியம், குரோஷியம், ஸெர்பியம், ருமேனியம் ஆகிய எட்டு மொழிகளிலும் அதே தொகை எறும்பு ஊர்ந்தாற்போன்ற பொடி எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். நோட்டைத் திருப்பினால், மறுமுகம் முழுவதையும் ஹங்கேரிய மொழி ஒன்றே ஆக்கிரமித்துக்கொண்டிருக்கும். வேறு எந்தப் பாஷைக்கும் அங்கே ஓர் எழுத்துக்கூட இடமில்லை. 1867இல் ஹாப்ஸ்பர்க் சாம்ராஜ்யம் சக்கரவர்த்தி ஒருவரையும், ராணுவத்தையும், வெளிநாட்டு விவகாரத்தையும் பொதுவாக வைத்துக்கொண்டு இரண்டு ராஜ்யங்களாகப் பிரிந்துகொண்ட வரலாற்றைப் பக்கம் பக்கமாகப் படிப்பதைவிட இந்தக் காகிதத் துண்டின் இரு முகங்களையும் ஒருமுறை பார்ப்பது விஷயத்தை விரைவில் விளக்கிவிடும்.

ஹங்கேரிய முகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1868இல் அங்கே இயற்றப்பட்ட தேசிய இனங்கள் சட்டம் எழுத்தில் தாராளமானது; ஆயினும் ஏழாண்டுகளுக்குள் ஸ்லோவாக்கியரின் மூன்று உயர்நிலைப் பள்ளிகளும் அவர்களுடைய கலாசாரக் கழகமும் மூடப்பட்டன; 1907இல் கல்வியமைச்சர் அப்போனி கொண்டுவந்த சட்டமோ, வேற்றுமொழிக் குழந்தைகள் நான்காம் வகுப்பு முடிவதற்குள் தம் கருத்தை ஹங்கேரிய மொழியில் பேசவும் எழுதவும் வல்லவராகிவிட வேண்டுமென்று விதித்தது. இது உலகம் நன்கறிந்த பழைய வழி. அதன் குறைகளை எடுத்துக் காட்டுவதற்குத் திறனாய்வு தேவையில்லை. ஆஸ்திரியப் பாதி மேற்கொண்ட வழிதான் நின்று ஆராயத் தக்கது. ஏனெனில் அது நல்லெண்ணத்தோடு தொடங்கியது. பல காலம் நன்மையையே செய்தது. அதன் கோளாறு அந்த நன்மையின் உள்ளிருந்தே முளைத்தது.

1867 டிசம்பரில் பிறப்பிக்கப்பட்ட அடிப்படைச் சட்டத்தின் 19ஆவது விதி, ராஜ்யத்திலுள்ள எல்லா இனத்தாரும் சமமானவர்களென்றும், தத்தம் மொழியைப் பேணி வளர்ப்பது ஒவ்வோர் இனத்துக்கும் மீற முடியாத உரிமையென்றும், வட்டாரத்தில் வழங்கும் மொழிகள் பள்ளியிலும் கச்சேரியிலும் பொதுவாழ்விலும் சம ஸ்தானம் உடையனவென்றும் பிரகடனம் செய்தது. இப்படிப்பட்ட பிரகடனங்கள் பெரும்பாலும் ஏட்டுச் சுரைக்காயாகவே நின்றுவிடுவது வழக்கம். ஆஸ்திரியாவில் அவ்வாறு ஆகவில்லை என்பதே இதன் முதல் விசேஷம். 1869இல் வந்த பள்ளிச் சட்டம், ஒரு மணி நேர நடைதூரத்துக்குள் ஐந்தாண்டுச் சராசரியில் 40 பிள்ளைகளுக்கு மேல் இருந்து, அவர்கள் தொலைவிலுள்ள பள்ளிக்கு நடக்க வேண்டியிருக்குமானால், அங்கேயே ஒரு பள்ளி நிறுவியாக வேண்டும் என்று கூறிற்று. நீதிமன்றங்கள் இதை 19ஆவது விதியோடு சேர்த்துப் படித்து, சிறுபான்மை மொழிக் குழந்தைகள் 40 பேர் இருந்தாலும் அவர்கள் மொழியிலேயே பள்ளி அமைப்பது ஊராரின் கடமை என்று தீர்ப்பளிக்கத் தொடங்கின. ஊர்ச்சபையில் ஒரு வாக்குக்கூட இல்லாத சுரங்கத் தொழிலாளி, தன் பிள்ளைக்காக அதே ஊர்ச்சபையை நீதிமன்றத்துக்கு இழுத்து வெற்றி பெற முடிந்தது. அக்காலத்து ஐரோப்பாவில் இதற்கு நிகரான காட்சி மிக அரிது. பிரான்ஸில் பிரெத்தான் மொழிக் குழந்தை பள்ளியில் தாய்மொழி பேசினால் தண்டனை வாங்கிக்கொண்டிருந்த காலம் அது.

நன்மையைச் சொல்லிவிட்டேன். இனி, அதே விதியின் கடைசிப் பகுதியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு வாக்கியத்தைக் கவனிக்க வேண்டும். இரண்டாவது மொழியொன்றைக் கற்கும்படி எவரையும் நிர்ப்பந்திக்காமல், ஒவ்வோர் இனத்தாருக்கும் தம் மொழியில் கல்வி பெற வசதி செய்யவேண்டும் என்பது அது. கேட்பதற்கு எவ்வளவு இனிமை! ஆனால் இந்த வாக்கியத்துக்கு ஒரு பூர்வ கதை உண்டு. செக்கரும் ஜெர்மானியரும் வாழ்ந்த போஹீமியா மாகாணத்தில் 1866ஆம் ஆண்டுச் சட்டமொன்று உயர்நிலைப் பள்ளிகளில் செக்கும் ஜெர்மனும் ஆகிய இரு மொழிகளையும் எல்லோரும் கற்கவேண்டுமென்று விதித்திருந்தது. கோயிலிலும் சந்தையிலும் சமையற்கட்டிலும் கேட்ட மொழியைப் பாடமாகப் படிப்பது தமக்கு இழிவென்று கருதிய போஹீமிய ஜெர்மானியர் அதை எதிர்த்தார்கள்; அவர்கள் மனம் குளிரவே ‘நிர்ப்பந்தம் இல்லை’ என்ற வாசகம் அடிப்படைச் சட்டத்தில் ஏறியது; மறு ஆண்டே பழைய போஹீமியச் சட்டம் ரத்தாயிற்று. அன்று அதை வெற்றியென்று கொண்டாடியவர்கள், முப்பதாண்டுகளுக்குள் அதன் விலையைக் கொடுக்க நேர்ந்தது.

அது நேர்ந்த விதம் இது. செக் பையன் நிர்ப்பந்தம் இல்லாமலே ஜெர்மனைக் கற்றான். உத்தியோகத்துக்கும் வியாபாரத்துக்கும் அது வேண்டியிருந்தது. ஜெர்மன் பையன் செக்கைக் கற்கவில்லை; அவனுக்கு அது வேண்டியிருக்கவில்லை. 1880இல் வெளிவந்த உத்தரவு, குடிகள் எந்த மொழியில் மனுக் கொடுக்கிறார்களோ அந்த மொழியிலேயே கச்சேரி பதிலளிக்க வேண்டுமென்று போஹீமியாவிலும் மொராவியாவிலும் ஏற்பாடு செய்தது. ஆனால் கச்சேரிக்குள் அதிகாரிக்கு அதிகாரி எழுதிக்கொள்ளும் குறிப்புகள் ஜெர்மனிலேயே நீடித்தன. வாசலில் ஒரு மொழி, உள்ளறையில் வேறொரு மொழி. 1897 ஏப்ரலில் பிரதம மந்திரி பாதேனி இந்த உள்ளறைக் கதவையும் திறக்கத் துணிந்தார்: செக் மனுவென்றால் உள்ளே நடக்கும் எழுத்துவேலையும் செக்கிலேயே நடக்கவேண்டும், 1901 ஜூலைக்குப் பிறகு அந்த இரு மாகாணங்களிலும் இரு மொழியும் தெரியாதவர் உத்தியோகத்துக்கு வர முடியாது என்பது அவருடைய உத்தரவு. எழுத்தளவில் இது இருவருக்கும் பொதுவான நிபந்தனைதான். நடைமுறையில், இரு மொழியும் அறிந்த செக்கர்களுக்குக் கச்சேரிக் கதவு விரியத் திறந்தது; ஒரு மொழி மட்டுமே அறிந்த ஜெர்மானியருக்கு அது அடைபட்டது.

அதன் பின் வியன்னாப் பார்லிமெண்டில் நடந்ததை, அப்போது அந்நகரில் தங்கியிருந்த அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெயின் பார்வையாளர் மாடத்திலிருந்து கண்டு எழுதிவைத்திருக்கிறார். லெஹர் என்ற ஜெர்மானிய அங்கத்தினர் அக்டோபர் இறுதியில் ஒரே மூச்சாகப் பன்னிரண்டு மணி நேரம் பேசிச் சபையை ஓடவிடாமல் நிறுத்தினார், மேஜைப் பலகைகள் தட்டப்பட்டன, ஊதல்கள் ஊதப்பட்டன, இறுதியில் போலீஸார் சபைக்குள் நுழைந்து அங்கத்தினர்களைத் தூக்கிச் சென்றார்கள். பாதேனியே ஓர் அங்கத்தினரோடு துப்பாக்கித் துவந்த யுத்தத்தில் இறங்கிக் கையில் காயம்பட்டுக்கொண்டார். நவம்பர் இறுதியில் சக்கரவர்த்தி அவரை வீட்டுக்கு அனுப்பினார். 1899இல் உத்தரவுகளும் வாபஸாயின. இடையே ஒரு வார்த்தை: அந்தச் சபையில் எந்த மொழியிலும் பேசலாம், மொழிபெயர்ப்பாளரோ இல்லை. செக்கிலோ ருத்தீனியத்திலோ ஒருவர் எழுந்து பேசும்போது, அவர் விஷயத்தைத்தான் பேசுகிறாரா, தம் ஊர்ச் சந்தை விலையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாரா என்று தலைமை வகித்தவருக்கே பல வேளைகளில் தெரியாது. பேசும் உரிமை எல்லோருக்கும் இருந்தது. கேட்கும் கடமை எவருக்கும் இருக்கவில்லை.

இதற்கு நேர்மாறான ஏற்பாட்டைத் தேடிப் போனால், யாரும் எதிர்பாராத இடத்தில், ராணுவத்தில், அது கிடைக்கிறது. சுதந்திர சிந்தனைக்குப் பேர்போன ஸ்தாபனம் அன்று அது. ஆயினும் மொழி விஷயத்தில் பார்லிமெண்டைவிட அதற்கு விவேகம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். ‘அட்டென்ஷன்’, ‘அணிவகு’, ‘சுடு’ போன்ற ஏறக்குறைய 80 ஜெர்மன் கட்டளைச் சொற்களை மட்டும் சிப்பாய் எல்லா இடத்திலும் மனனம் செய்யவேண்டும். அலுவலகக் கடிதப் போக்குவரத்து ஜெர்மனில் நடக்கும். மற்றபடி ஒரு படைப்பிரிவில் நூற்றுக்கு 20 பேர் ஒரு மொழியைப் பேசுவார்களானால் அது அந்தப் பிரிவின் மொழியாகிவிடும். இரண்டு மொழிகளோ மூன்று மொழிகளோ இருந்தாலும் சரியே. துப்பாக்கியைக் கழற்றித் துடைப்பது முதல் காயத்துக்குக் கட்டுப் போடுவது வரை அந்த மொழியிலேயே கற்பிக்க வேண்டும். சிப்பாய் அதிகாரியின் மொழியைக் கற்க வேண்டியதில்லை. அதிகாரிதான் மூன்றாண்டுகளுக்குள் சிப்பாயின் மொழியைக் கற்றுத் தேர்ச்சி காட்டவேண்டும். தவறினால் பதவி உயர்வுக்குத் தடை. வியன்னாவில் பிறந்து கலீஷியா மாகாணத்துக்கு மாற்றலான ஓர் இளம் லெஃப்டினென்ட், குடியானவப் பிள்ளையிடம் ருத்தீனியத்தில் காலணி அளவு கேட்கத் திணறி, முதல் மாதத்தில் சிப்பாய்களின் சிரிப்புக்கு ஆளாகி, மூன்றாவது ஆண்டில் அவர்களுடைய வீட்டுக் கடிதங்களைப் படித்துக் காட்டும் அளவுக்குத் தேறியிருப்பான் என்று ஊகிப்பதில் தவறில்லை.

குற்றமற்ற ஏற்பாடு என்று நான் சொல்லவில்லை. பல அதிகாரிகளின் புலமை அரைகுறையாகவே இருந்தது. பெயர் கூப்பிடும்போது ஜெர்மனில் ‘ஹியர்’ என்று சொல்வதற்குப் பதிலாகச் செக்கில் ‘ஸ்தே’ என்று சொன்ன ரிசர்வ் சிப்பாய்கள் தண்டிக்கப்பட்டார்கள். ‘இங்கே இருக்கிறேன்’ என்ற ஒரு சொல்லைச் சுற்றி ராஜ்ய விவகாரமே எழுந்தது. ஹங்கேரியப் படைகளுக்கு ஹங்கேரியக் கட்டளை மொழி வேண்டுமென்ற கிளர்ச்சியை 1903இல் சக்கரவர்த்தி கண்டிப்பாக மறுத்தார். 1914இல் மூண்ட உலகப் போரின் முதல் சில மாதங்களிலேயே தேர்ந்த அதிகாரிகள் ஏராளமாக மடிந்துபோக, அவசரமாக வந்து சேர்ந்த புதியவர்களுக்குச் சிப்பாய்களின் மொழி தெரியாமற் போனதும், ஏற்பாட்டின் அஸ்திவாரமே ஆட்டம் கண்டது. இத்தனையும் உண்மை. ஆனாலும் கற்கும் பாரத்தை மேலே இருப்பவன் தலையில் வைத்த ஸ்தாபனம் இது என்பதும், ஐம்பதாண்டுக் காலம் பத்துக்கு மேற்பட்ட மொழியினர் அதில் சேர்ந்து பணியாற்றினர் என்பதும் மறுக்க முடியாதவை.

மீண்டும் ஊர்ப் பள்ளிகளுக்கும் அந்த 40 பிள்ளைகள் கணக்குக்கும் வருவோம். உரிமை எண்ணிக்கையைப் பொறுத்தது என்றால், எண்ணியாக வேண்டும். 1880 முதல் ஜனத்தொகைக் கணக்கில் ‘வழக்கமாகப் பேசும் மொழி’ என்று ஒரு கட்டம் சேர்க்கப்பட்டது. அதில் அங்கீகரிக்கப்பட்ட ஒன்பது மொழிகளில் ஒன்றைத்தான் எழுதலாம்; இரண்டை எழுதக்கூடாது. யித்திஷ் அந்தப் பட்டியலில் இல்லை. அதை வீட்டில் பேசிய கலீஷிய யூதர்கள் பெரும்பாலும் போலிஷ்காரர்களாக எண்ணப்பட்டு, அங்கே ஆட்சியிலிருந்த போலிஷ்காரரின் பலத்தைப் பெருக்க உதவினார்கள். 1909இல் நீதிமன்றமும் யித்திஷ் வட்டார மொழியல்ல என்றே தீர்ப்பளித்தது. படிவத்தை நிரப்புவது குடும்பத் தலைவர்; ஆகவே வியன்னாவில் ஜெர்மானியச் சீமாட்டியின் வீட்டில் பாத்திரம் துலக்கிய செக் பெண், தான் இரவில் எந்த மொழியில் பிரார்த்தனை செய்தாலும், படிவத்தில் ஜெர்மன்காரியானாள். திரியெஸ்தே நகரில் 1910ஆம் ஆண்டுக் கணக்கை நகரசபையின் இத்தாலிய ஊழியர்கள் எடுத்த விதம் அபகீர்த்தி அடைந்து, சர்க்கார் மறுபடியும் எண்ண நேர்ந்தது. மறுகணக்கில் ஸ்லோவீனியர் தொகை பல்லாயிரம் கூடிவிட்டது. ஒரே ஆண்டில், ஒரே தெருக்களில், யாரும் பிறக்காமலே!

எண்ணிக்கையைக் கூட்டுவதற்குச் சங்கங்கள் பிறந்தன. 1880ஆம் ஆண்டிலேயே ஜெர்மன் பள்ளிச் சங்கமும் செக் பள்ளிச் சங்கமும் தோன்றி, எல்லைப்புற ஊர்களில் எதிரெதிராகப் பள்ளிகள் கட்டி, 40 பிள்ளைகள் சேரவேண்டுமே என்ற கவலையில் மதிய உணவும் காலணியும் கிறிஸ்துமஸ் பரிசும் கொடுத்தன. ஏழைத் தாய்மார்கள் சூப் எங்கே கெட்டியாக இருக்கிறது என்று பார்த்துப் பிள்ளையைச் சேர்த்தார்கள் என்று இரு கட்சிப் பத்திரிகைகளும் தலையில் அடித்துக்கொண்டன. எனக்கு அந்தத் தாய்மார்கள்மேல் குற்றம் காணத் தோன்றவில்லை.

பத்திரிகைகள் இதைவிட அதிகமாக வெறுத்த வழக்கம் ஒன்று போஹீமிய, மொராவியக் குடியானவரிடையே நெடுங்காலமாக இருந்தது. செக் கிராமத்துக் குடும்பமும் ஜெர்மன் கிராமத்துக் குடும்பமும் பேசிவைத்துக்கொண்டு, கோடையிலோ ஒரு முழு ஆண்டுக்கோ தம் பிள்ளைகளை மாற்றிக்கொள்வார்கள். பணம் கைமாறாது, பிள்ளைக்குப் பதில் பிள்ளை, அவ்வளவுதான். இவன் அங்கே மாடு மேய்த்து, அந்த வீட்டுக் கஞ்சியைக் குடித்து, அவர்கள் மொழியில் திட்டு வாங்கித் திரும்புவான். அவன் இங்கே அப்படியே. சட்டமும் சங்கமும் இல்லாமல், உபாத்தியாயர் சம்பளமும் இல்லாமல், இரு மொழி தெரிந்த மனிதர்களை இந்த ஏற்பாடு தலைமுறை தலைமுறையாக உண்டாக்கிக்கொண்டிருந்தது. ஜனத்தொகைப் படிவத்தில் இடமில்லாத மனிதர்கள் அவர்கள்தாம். தேசியவாதிகள் அவர்களை இரண்டுங்கெட்டான்களென்று ஏசினார்கள்.

1905இல் மொராவியாவில் ஏற்பட்ட சமரசத்தை அறிஞர்கள் பலர் பாராட்டியிருக்கிறார்கள். பாராட்டுக்கு நியாயமும் உண்டு. வாக்காளர்களைச் செக் பதிவேடு, ஜெர்மன் பதிவேடு என்று பிரித்து, செக்கருக்கு 73 இடங்களும் ஜெர்மானியருக்கு 40 இடங்களும் மாகாணச் சபையில் நிச்சயம் செய்துவிட்டதால், தேர்தலில் ஒருவரை ஒருவர் தோற்கடிக்க வேண்டிய அவசியமே இல்லாமற் போயிற்று. போஹீமியத் தலைநகர் பிராகாவைவிட மொராவியத் தலைநகர் பிர்னோவில் அமைதி அதிகமாக நிலவிற்று. ஆனால் பதிவேடு என்று வந்துவிட்டால் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒன்றில் ஏறித்தானே ஆகவேண்டும்? அந்தச் சமரசத்தோடு சேர்ந்து வந்த சட்டமொன்றில், பிள்ளைகள் பொதுவாகத் தங்களுக்குத் தெரிந்த மொழியில் நடக்கும் பள்ளியில்தான் சேர்க்கப்படலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. அதைக் கொண்டு ஒரு தரப்புப் பள்ளிக்குழு மறுதரப்புப் பள்ளியின் வகுப்பிலிருந்து ‘நம் பிள்ளை’ என்று பெயர் குறித்துக் குழந்தைகளைத் திரும்பக் கேட்கலாயிற்று. பெற்றோர் விருப்பமே முடிவானது என்று நீதிமன்றங்களும் ஒப்பவில்லை. பிள்ளையை மாற்றி அனுப்பி மொழி கற்பித்த அதே மொராவியாவில், ஆறு வயதுச் சிறுவனை விசாரணைக் குழுவின் முன் நிறுத்தி, அவனுக்கு எந்த மொழி தெரியும் என்று பேசவிட்டுப் பரீட்சை பார்த்தார்கள். இரண்டும் தெரியும் என்று அவன் நிரூபித்தால் வழக்கு இன்னும் சிக்கலாகும்.

1918இல் சாம்ராஜ்யம் சிதறியது. பிராகாவில் அமர்ந்த புதிய குடியரசு பழைய அரசின் எத்தனையோ சட்டங்களைக் களைந்தெறிந்தது. மொராவியாவின் இந்தப் பள்ளிப் பிரிவையோ வைத்துக்கொண்டது. ஜெர்மன் பள்ளி வாசலில் சேர்க்கைக்கு வந்த குழந்தைகள் அதிகாரிகள்முன் நின்று பேசிக்காட்டுவது அடுத்த இருபதாண்டுகளிலும் நிற்கவில்லை.