பொங்கல் டெஸ்ட்டைத் திருப்பிக் கொடுங்கள்

எங்கள் ஊர் நாராயணவனத்திலிருந்து நாகலாபுரம், ஊத்துக்கோட்டை வழியாகச் சென்னை நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்தை எங்கள் திண்ணைக்குக் கொண்டுவந்தது டிரான்சிஸ்டர்தான். கல்யாண வெங்கடேசர் கோவிலுக்குப் போய்வந்த கையோடு பெரியவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். தோல் உறை போட்ட ரேடியோவை ஒருவர் இப்படியும் அப்படியும் திருப்பி வைத்துக் கரகரப்பைக் குறைப்பார். வீட்டில் தெலுங்கு பேசுபவரானாலும் தமிழ் பேசுபவரானாலும் தெருவில் போகிறபோது கேட்பது ஒன்றைத்தான்: "ஸ்கோர் என்ன மாமா?" பின்னாளில் தமிழ் வர்ணனையும் வந்தது. அப்துல் ஜப்பாரின் குரலுக்காகவே ரேடியோ வைத்தவர்கள் உண்டு.

பழைய பொங்கல் என்றாலே எல்லாம் இனிக்கத்தான் செய்யும். ஆகவே கணக்கைப் பார்த்துவிடுவோம். 1967 முதல் 1988 வரை சேப்பாக்கத்தில் பொங்கலையொட்டி நடந்தவை ஒன்பது டெஸ்ட்டுகள். இந்தியா ஐந்தில் வென்றது, இரண்டில் தோற்றது, இரண்டு டிரா. டிராக்கள் மலிந்திருந்த அந்தக் காலத்தில் ஒன்பதில் ஏழுக்கு முடிவு கிடைத்தது சாதாரணமல்ல. அன்றைய சேப்பாக்கத்தில் வேகப்பந்து எகிறும், நாள் போகப்போகச் சுழல் பிடிக்கும். மழைக்காலம் ஓய்ந்த தை மாதம் இரண்டுக்குமே இடம் கொடுத்தது.

1975இல் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிரான ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டி ராபர்ட்ஸ் முதல் இன்னிங்ஸில் 64 ரன்னுக்கு 7 விக்கெட். இந்தியா எடுத்த 190 ரன்னில் பாதிக்கு மேல் ஒரே ஆளுடையது: விஸ்வநாத், ஆட்டமிழக்காமல் 97. கடைசி ஆளாக வந்த சந்திரசேகர் அவுட் ஆனதால் சதம் மூன்று ரன்னில் தவறிப்போனது. அவ்வளவு வேகத்தைக் கண்டு விஸ்வநாத் ஒதுங்கவில்லை, ஸ்கொயர் கட் ஆடினார். பிறகு பிரசன்னாவும் பேடியும் சுழற்ற, இந்தியா 100 ரன்னில் வென்று தொடரை 2-2 என்று சமன் செய்தது. அந்த 97 சேப்பாக்கம் பார்த்த எத்தனையோ இரட்டைச் சதங்களைவிட உயர்ந்தது என்பேன். 1982இல் அதே மைதானத்தில் அவரே எடுத்த 222ஐயும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

1980இல் பாகிஸ்தானுக்கு எதிராகக் கபில் தேவ் 84 ரன்னும் 11 விக்கெட்டும். 1988இல் அறிமுக வீரர் ஹிர்வானி 136 ரன்னுக்கு 16 விக்கெட். சென்னையின் டபிள்யூ.வி. ராமனும் அதே ஆட்டத்தில் அறிமுகமாகி 83 அடித்தார். ஆடுகளம் புழுதிக்காடாக இருந்தது உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை.

அதோடு பொங்கல் டெஸ்ட் நின்றது. ஒருநாள் போட்டிகளும், தொடர்களுக்காக மாறிக்கொண்டே இருக்கும் அட்டவணையும் தை மாதத்தை விழுங்கிவிட்டன. ஆனால் சந்திரகிரி பக்கம் ரங்கம்பேட்டையில் மாட்டுப் பொங்கலான கனுமாவை ஒட்டி மாட்டுக் கொம்பில் பலகை கட்டி ஓட்டும் பசுவுல பண்டக இன்றும் நடக்கிறது, கூட்டமும் குறையவில்லை. ஊரே பிடித்து வைத்திருப்பதால் அது நிற்கிறது. டெஸ்ட்டைப் பிடித்து வைக்க வேண்டியது வாரியம்.

மெல்போர்ன் தன் டிசம்பர் 26 டெஸ்ட்டை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. கிரிக்கெட் வாரியமும் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கமும் சேர்ந்து, இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாவது, பொங்கல் வாரத்தைச் சேப்பாக்கத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.