காராகாஹினி: கூண்டுக்குள் ஒரு நாடகத் திறனாய்வாளர்

அரவிந்தரைப் புதுவையின் யோகியாக மட்டுமே அறிந்தவர்க்குக் 'காராகாஹினி' என்னும் அவரது வங்க நூல் பெருவியப்பளிக்கும். அதன் தொடக்கத்தில் நாம் காண்பவர் மோனத்தில் அமர்ந்த முனிவர் அல்லர். கைவிலங்கு பூட்டி, இடுப்பில் கயிறு கட்டப்பட்ட ஒரு கைதி. அந்நிலையிலும் அவர் சிரிக்கிறார் என்பதே இந்நூலின் தனிச்சிறப்பு.

1908 ஏப்ரல் 30 அன்று முசாபர்பூரில், நீதிபதி கிங்ஸ்ஃபோர்டைக் குறிவைத்து எறிந்த குண்டு வேறொரு வண்டியில் விழுந்து, கென்னடி குடும்பத்துத் தாயும் மகளும் மாண்டனர். அடுத்து வந்த மே 2ஆம் நாள் அரவிந்தர் கல்கத்தாவில் கைதானார். ஓராண்டு அலிப்பூர்ச் சிறையில் இருந்து, 1909 மே 6இல் விடுதலை பெற்றார். பின்னர் 'சுப்ரபாத்' இதழில் எழுதிய நினைவுகளே இந்நூல்.

வீட்டுச் சோதனையில் அகப்பட்ட தட்சிணேசுவரத்து மண்ணை வெடிமருந்தோ என்று அதிகாரி ஐயுற்று நோக்கும் காட்சி ஒன்றே போதும், ஆசிரியரின் கை எத்தகையது என்றறிய. குளிக்கவும் குடிக்கவும் உண்ணவும் தந்த ஒரே கிண்ணத்தை, எப்பணிக்கும் தகுதியுடையவராகக் கருதப்பட்ட ஆங்கில சிவில் அதிகாரிக்கு அவர் ஒப்பிடுகிறார். அவரே ஐ.சி.எஸ். தேர்வெழுதியவர் என்பதை நினைவிற்கொண்டு படித்தால் சுவை இரட்டிக்கும்!

ஆயினும் நூலின் உயிர்நிலை, அரசுத் தரப்பில் வாதாடிய எர்ட்லி நார்ட்டனைப் பற்றிய பகுதியே என்பேன். நார்ட்டன் சென்னையில் பெரும்புகழ் ஈட்டிய பாரிஸ்டர். பழைய வரலாற்று நூல்களிலிருந்து ஷேக்ஸ்பியர் நாடகம் சமைத்தது போல, துண்டுக் காகிதங்களிலிருந்து இவர் ஒரு சதி நாடகத்தைச் சமைத்தார் என்கிறார் அரவிந்தர். அதன் நாயகன் தாமே என்பதையும் கண்டு நகைக்கிறார். தூக்குக் கயிற்றை எதிர்நோக்கியவன் தன்மீதான குற்றச்சாட்டை இலக்கியமாகக் கொண்டு திறனாய்வு செய்வது எளிய துணிவன்று. உத்தரபாரா சொற்பொழிவில் ஒலிக்கும் அருளனுபவத்தினும் இந்த நகைப்பே எனக்கு அவரை அணுக்கமாக்குகிறது. தனிமைச் சிறையில் தம் மனமே தமக்கு அடங்காது போன நாட்களை மறையாது சொல்வதால், இந்நகைப்பு வெறும் மிடுக்கு அன்று என்பதும் தெளிவாகிறது.

ஒரு குறையைச் சொல்லாதிருக்க இயலவில்லை. மாண்ட இரு பெண்களும் தொடக்கத்தில் நாளிதழ்ச் செய்தியாக வருகின்றனர். பின்னர் ஆசிரியரின் உள்ளம் அவர்களிடம் தங்குவதில்லை. இத்துணை நுண்ணிய மனம் அங்கே ஏன் வாளா இருந்தது? அவர் எழுதத் தொடங்கிய காலத்தில், தம்பி பாரீந்திரரின் மரண தண்டனைமீதான மேல்முறையீடு முடிவுறவில்லை. ஒரு சொல் பிழைத்தாலும் தம்பியின் உயிருக்கு ஊறு நேரலாம் என அஞ்சியிருக்கலாம். இஃது என் ஊகமே. 1909 நவம்பரில் அத்தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. 1910 ஏப்ரல் 4 அன்று அரவிந்தர் புதுவை வந்திறங்கியபோது தம்பி அந்தமானில் இருந்தார். நூல் முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது.