தன்மை இடத்தில் நிற்கும் சொல்: ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. பற்றிய தமிழ்க் கலைச்சொற்கள் – ஒரு மதிப்பீடு

0. முன்னுரை

ஆட்டிசம் வாழ்நாள் முழுவதும் உடன்வருவது. ஏ.டி.எச்.டி. எனச் சுருக்கி வழங்கப்பெறும் கவனம் சார்ந்த நிலை, பலரிடம் முதிர்ந்த பருவத்திலும் நீடிப்பது. எனினும் இவ்விரண்டையும் குறிக்கத் தமிழில் ஆக்கப்பெற்ற சொற்கள், பெற்றோரோ ஆசிரியரோ மருத்துவரோ ஒரு குழந்தையைப் பார்த்துச் சொல்லும் சொற்களாகவே அமைந்துள்ளன. அக்குழந்தை வளர்ந்து, தன்னைப் பற்றித் தானே பேசும்போது இச்சொற்கள் பயன்படுமா என்னும் வினா பெரிதும் எழுப்பப்படவில்லை. ஒரு சொல்லைத் தன்மை ஒருமையில் வைத்துப் பொய்யும் நாணமும் இன்றிக் கூற இயலுமா என்பதையே அளவுகோலாகக் கொண்டு, வழக்கிலுள்ள சொற்களை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பெயரில் தங்கிவிட்ட குழந்தை

இச்சாய்வு தமிழுக்கு மட்டும் உரியதன்று. 1943இல் லியோ கானர் விவரித்தவை பதினொரு குழந்தைகளின் வரலாறுகள். 1944இல் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் எழுதியதும் சிறுவர்களைப் பற்றியே. அமெரிக்க உளமருத்துவக் கழகத்தின் வகைப்பாட்டு நூல் 1968ஆம் ஆண்டுப் பதிப்பில் மிகை இயக்கத்தைக் 'குழந்தைப் பருவ' எதிர்வினை என்றும், 1980ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆட்டிசத்தை 'மழலைப் பருவ' ஆட்டிசம் என்றும் குறித்தது. 1994ஆம் ஆண்டுப் பதிப்பின்படி ஒருவருக்கு ஆட்டிசமும் ஏ.டி.எச்.டி.யும் ஒருசேர உண்டு எனக் கூற இயலாது. 2013இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பே இத்தடையை நீக்கியது. பதினேழு வயதிற்கு மேற்பட்டோர்க்கு ஏ.டி.எச்.டி.யைக் கண்டறிய வேண்டிய அறிகுறிகளின் எண்ணிக்கையையும் ஆறிலிருந்து ஐந்தாகக் குறைத்தது. வளர்ந்தவர் நூலுக்குள் நுழைய இத்தனை ஆண்டுகள் ஆயின. தமிழ்ச் சொற்கள் இன்னும் பழைய பதிப்புகளின் உலகிலேயே நிற்கின்றன.

2. காரணப்பெயர் தரும் இடர்

கலைச்சொல் பொருள் வெளிப்படையாக அமைதல் வேண்டும் என்பது தமிழ்ச் சொல்லாக்கத்தில் வலுவாக ஊன்றிய கொள்கை. நம் இலக்கண மரபின் சொற்களில் கூறின், இடுகுறிப்பெயரினும் காரணப்பெயரை நாம் விரும்புகிறோம். இவ்விருப்பத்தில் ஓர் இடர் உண்டு. காரணப்பெயர் ஒரு காரணத்தை உறுதி கூறுகிறது. அக்காரணம் பிழையென அறியப்பட்ட பின்னரும் பெயர் அதையே கூறிக்கொண்டிருக்கும்.

2.1 'மதி இறுக்கம்' என்பதில் 'மதி' அறிவைக் குறிக்கும். ஆட்டிசம் உள்ளவருள் அறிவுத்திறன் குறைபாடு உடையவரும் உளர், இல்லாதவரும் உளர். இரண்டும் வெவ்வேறு. சொல்லோ அறிவே இறுகிவிட்டது என்கிறது. 'இறுக்கம்' என்பதிலும் ஒரு முரண் உண்டு. ஆட்டிசம் உடையவரான டெம்பிள் கிராண்டின், மாடுகளைப் பக்கவாட்டில் அணைத்துப் பிடிக்கும் பொறியைத் தம் இளம்பருவத்தில் கண்டு, அதைப் போன்ற ஒன்றைத் தமக்கென அமைத்துக்கொண்டவர். உடலின் மீது தாமே கட்டுப்படுத்தக்கூடிய அழுத்தம் அவருடைய பதற்றத்தைத் தணித்தது. அவர் வரலாற்றைத் தமிழாக்குவோர், 'மதி இறுக்கம்' உடைய பெண் இறுக்கத்தால் அமைதி பெற்றாள் என எழுத நேரும். நூலில் நலமாக வருவதை நோயின் பெயராக வைத்திருக்கிறோம்.

2.2 அரசு நலத்திட்ட அறிவிப்புகளில் இடம்பெறும் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்பது இன்னும் கடுமையானது. ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றுக்கு மிகுதியாகவோ குறைவாகவோ எதிர்வினை கொள்ளும் தன்மையை 2013ஆம் ஆண்டுப் பதிப்பு அறிகுறிகளுள் ஒன்றாகச் சேர்த்தது. மின்விசிறியின் இரைச்சலையும் குழல்விளக்கின் நடுக்கத்தையும் புறக்கணிக்க இயலாமல் அலுவலகத்தில் தவிக்கும் ஒருவருக்குப் புற உலகம் இல்லாமற்போகவில்லை. அளவுக்கு மீறி உள்ளே வருகிறது. கானரின் முதற் குழந்தையாகப் பதிவுபெற்ற டோனல்ட் டிரிப்லெட் மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரஸ்ட் என்னும் சிற்றூரில் நீண்ட காலம் வங்கியில் பணியாற்றினார், மகிழுந்து ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், பல நாடுகளுக்குப் பயணம் செய்தார், 2023இல் தம் 89ஆம் வயதில் மறைந்தார். ஊரார் அவரை அவர் இயல்போடு ஏற்றுக்கொண்டதை அவர் வரலாற்றை எழுதியோர் எடுத்துரைத்துள்ளனர். அவரைப் புற உலகச் சிந்தனையற்றவர் எனத் தமிழில் எழுதினால் அது மொழிபெயர்ப்பாகாது, அவதூறாகும்.

2.3 இந்தியில் 'ஸ்வபராயணதா', 'ஸ்வலீனதா' என்னும் ஆக்கங்கள் வழங்குகின்றன. இவை, 'தான்' எனப் பொருள்படும் கிரேக்க வேரை அப்படியே பெயர்த்தவை. தமிழின் 'தன்மயம்', 'தற்சிந்தனை' ஆகியனவும் இவ்வகையின. ஆய்கன் ப்ளாய்லர் 1911இல் மனச்சிதைவை விளக்கும்போது அவ்வேரைக் கையாண்டார். இன்றைய பொருள் அதினின்று வெகுதொலைவு விலகிவிட்டது. வேர் பெயர்க்கப்பட்டதே தவிரப் பொருள் பெயர்க்கப்படவில்லை.

2.4 'கவனக்குறைவு' தனித்து நோக்கத்தக்கது. இது தமிழில் முன்பே வேறு பொருளில் நிலைபெற்ற சொல். கவனக்குறைவாக வாகனம் ஓட்டியவர் மீது வழக்குப் பதியப்படுகிறது. கணக்கில் பிழைவிட்ட எழுத்தர் கவனக்குறைவுக்காக விளக்கம் கேட்கப்படுகிறார். ஆகவே இச்சொல் நிலையைக் குறிப்பதன்று, குற்றத்தைச் சுமத்துவது. 'எனக்குக் கவனக்குறைவு உண்டு' என மேலதிகாரியிடம் கூறுபவர் தம் நிலையை அறிவித்தவராகார், குற்றத்தை ஒப்புக்கொண்டவராவார். உண்மையில் இந்நிலையில் கவனம் குறைந்து மட்டும் இருப்பதில்லை. வேண்டியபோது வாராமலும், வந்தபின் விலக்க இயலாமலும் நிற்கும். குறைவது கவனத்தின் அளவன்று. அதை நெறிப்படுத்தும் ஆற்றல். 'மிகையியக்கம்' என்பதும் வகுப்பறையில் ஓடும் சிறுவனையே காட்டும். வளர்ந்தவரிடம் அந்த ஓட்டம் பெரும்பாலும் உள்ளத்தின் அமைதியின்மையாக மாறிவிடுகிறது.

3. முன்னும் பின்னும்: ஒரு தொடரியல் குறிப்பு

ஆங்கிலத்தில் மனிதரை முன்வைத்து நிலையைப் பின்வைக்கும் தொடரா, நிலையை அடையாகக் கொண்ட தொடரா எது தக்கது என்னும் விவாதம் நெடுநாளாக நிகழ்கிறது. ஆட்டிசம் தம்மிடமிருந்து பிரித்தெடுக்கத்தக்க பொருளன்று என்று கூறி, ஜிம் சின்க்ளேர் 1999இல் முதல்வகைத் தொடரை மறுத்து எழுதினார். இவ்விவாதத்தைத் தமிழுக்குக் கொண்டுவருவோர் ஓர் அடிப்படை வேறுபாட்டைக் கருதுதல் வேண்டும். தமிழில் அடை எப்போதும் முன்னும் தலைச்சொல் பின்னும் வரும். 'ஆட்டிசம் உள்ளவர்' எனினும் 'ஆட்டிச மனிதர்' எனினும் மனிதர் இறுதியிலேயே நிற்பார். எனவே 'மனிதரை முன்வைத்தல்' என்னும் அறிவுரை சொல்வரிசை அளவில் தமிழில் பொருளற்றது.

தமிழில் வேறுபாடு வேறிடத்தில் உள்ளது. 'ஆட்டிசத்தால் பாதிக்கப்பட்டவர்' என்பதில் மூன்றாம் வேற்றுமையும் செயப்பாட்டு வினையும் சேர்ந்து, வெளியிலிருந்து வந்து தாக்கிய ஒன்றைக் காட்டுகின்றன. 'எனக்கு ஆட்டிசம் உண்டு' என்னும் நான்காம் வேற்றுமைத் தொடர் அத்தகையதன்று. 'எனக்குக் காய்ச்சல்' என்பதோடு ஒத்திருப்பதால் இதுவும் நோய்த்தொடரே எனச் சிலர் கருதக்கூடும். ஆயின் 'எனக்குத் தமிழ் தெரியும்', 'எனக்கு இரண்டு தங்கைகள்' என்பனவும் இதே அமைப்பின. அறிவும் உறவும் உணர்வும் தமிழில் நான்காம் வேற்றுமையிலேயே நமக்கு உரியனவாகின்றன. ஆகவே இத்தொடரைக் கைவிட வேண்டியதில்லை. கைவிட வேண்டியது 'பாதிக்கப்பட்ட' என்பதையே.

4. வாழும் முறைக்கான சொற்கள்

இந்நிலைகளோடு நலமாக வாழ்தல் என்பது அவற்றிலிருந்து மீள்வதன்று. தமக்கு ஏற்ற சூழலையும் துணையையும் அமைத்துக்கொள்வது. அது பற்றிய நூல்களைப் பெயர்க்கும்போது இரு சொற்கள் கருதத்தக்கன.

ஆட்டிசம் உள்ள வளர்ந்தோர் பலர், பிறரைப் போலத் தோன்றும்பொருட்டுக் கண்ணோக்கையும் குரலையும் முகக்குறிப்பையும் ஓயாது திருத்திக்கொள்கின்றனர். ஆங்கிலச் சொல்லை ஒட்டி இதனை 'முகமூடி அணிதல்' அல்லது 'வேடமிடுதல்' எனின், தமிழில் வஞ்சனை என்னும் பொருள் ஏறிவிடும். 'ஈடுகொடுத்தல்' என்பது உழைப்பையும் அதன் களைப்பையும் ஒருங்கே உணர்த்தும். நெடுங்காலம் ஈடுகொடுத்தவர் ஒருநாள் முற்றும் சோர்ந்துபோவதைப் படிப்போரும் எளிதில் விளங்கிக்கொள்வர்.

ஏ.டி.எச்.டி. உள்ளோர் தொடங்க இயலாத வேலையைத் தொடங்க, மற்றொருவரை அருகில் அமர்த்திக்கொள்ளும் வழக்கம் உண்டு. அவர் உதவ வேண்டியதில்லை, இருந்தால் போதும். இதற்குரிய ஆங்கிலத் தொடரை 'உடல் இரட்டிப்பு' எனப் பெயர்ப்பது நகைப்பிற்கிடமாகும். 'படிக்கும்வரை துணைக்கு இரு' என நம் வீடுகளில் இன்றும் கூறுகிறோம். துணையிருத்தல் என்னும் சொல் நம்மிடம் முன்பே இருக்க, புதுச்சொல் தேடுவது வீண்.

5. இருவழிச் சிக்கல்

டேமியன் மில்டன் 2012இல் முன்வைத்த கருத்தொன்று மொழிபெயர்ப்பாளர்க்கு நெருக்கமானது. ஆட்டிசம் உள்ளவர் பிறரைப் புரிந்துகொள்ள இடர்ப்படுவது போன்றே பிறரும் அவரைப் புரிந்துகொள்ள இடர்ப்படுகின்றனர். ஆகவே தடை ஒருவருக்குள் இல்லை, இருவருக்கும் இடையில் உள்ளது என்பது அக்கருத்து. 'இரட்டைப் பரிவு' என்பதினும் 'இருவழிப் பரிவுச் சிக்கல்' என்பதே இதற்குப் பொருந்தும்.

தமிழ்ப் பேச்சில் இதற்குச் சான்று மிகுதி. அலுவலகத்தில் 'பார்க்கலாம்' என்பது பெரும்பாலும் மறுப்பு. 'கொஞ்சம் சீக்கிரம் முடித்துவிடுங்கள்' என்பதற்குக் காலவரையறை இல்லை. சொல்லைச் சொல்லாகவே கொள்பவர் இங்குத் தவறுவார். காலத்தின் ஓட்டத்தை உணர இடர்ப்படுபவரும் தவறுவார். 'வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குள் வேண்டும்' என எழுதிக் கொடுத்தால் இருவரும் பணியை முடிப்பர். இது சலுகையன்று; தெளிவான மொழி.

6. முடிவுரை

மேற்கண்டவற்றால், ஆட்டிசம் என்னும் கடன்சொல்லையே கொள்வது தகும் எனத் தோன்றுகிறது. மூலமொழியில் காரணப்பெயராயினும் தமிழில் அது இடுகுறியாகவே நிற்கும். பழைய பிழையைச் சுமக்காது. ஏ.டி.எச்.டி.க்குக் 'கவனச் சீரின்மை' என்பதைப் பரிந்துரைக்கலாம். அது குற்றம் சாட்டாது. சிறுவனை மட்டும் காட்டாது.

இதற்கு ஒரு தடை கூறப்படலாம். 'குறைபாடு' என்பதை நீக்கினால் உரிமை கோருவதும் கடினமாகாதா என்பது அது. இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் ஆட்டிசம் உண்டு, ஏ.டி.எச்.டி. தனியே குறிக்கப்பெறவில்லை. சான்றிதழின் மொழியில் இயலாமையை இயலாமை என்றே எழுதுதல் வேண்டும். ஆனால் சான்றிதழின் மொழியிலேயே ஒருவர் தம் நண்பரிடமும் மனைவியிடமும் பேச வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. முப்பது வயதில் தம்மை முதன்முறையாக அறிந்துகொண்ட ஒருவர், 'நான்' என்று தொடங்கி வாக்கியத்தை முடிக்க ஒரு சொல் வேண்டும். அதைத் தருவது மருத்துவர் பணியன்று, நம் பணி.