ஆற அமர அருந்தும் பியர்

பெல்ஜியத்தின் கிறிஸ்துமஸ் பியர்கள் அவசரத்துக்கு ஆகாதவை. வாட்டூ ஊரில் காய்ச்சப்படும் செயின்ட் பெர்னார்டஸ் கிறிஸ்துமஸ் ஏலை, அடியில் தங்கிய ஈஸ்ட் கலங்காதபடி மெல்லச் சாய்த்து ஊற்றினால், அடர்பழுப்பின் மேல் நுரை தடிமனாக எழும். காதருகே கொண்டுபோனால் அது பொரிந்து அடங்கும் ஓசை கேட்கும். இந்த பியர் 10 சதவீத ஆல்கஹால் கொண்டது. ஐஸ் குளிரில் வாசம் வராது. கொஞ்சம் குளிர் விடட்டும். உலர்திராட்சை, கருக்கிய சர்க்கரை, லேசாகக் கிராம்பு என்று ஒவ்வொன்றாக மேலே வரும்.

எசென் ஊரின் கிறிஸ்துமஸ் பியர் விழாவில் சிறு கோப்பைகளில் ஊற்றித் தருவது நல்ல வழக்கம், நாக்கு களைக்காது. முதல் மிடறிலேயே மதிப்பெண் போடக் கூடாது. விழுங்கியபின் இனிப்பு விலகி, கசப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். மசாலா முந்திக்கொண்டு வந்தால் நான் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவேன். அந்த மசாலா வாசத்தை மால்ட்டையும் ஈஸ்ட்டையும் கொண்டே வரவழைப்பதுதான் கைத்திறன்.