வினாநிரலில் எதிர்மறை

செய்ததையே மீளமீளச் செய்யத் தூண்டும் உளநோயை அளத்தற்கு ஹாட்ஜ்சனும் இராக்மனும் 1977-இல் வெளியிட்ட மாட்சிலி வினாநிரல் 30 கூற்றுகளை உடையது. ஒவ்வொன்றற்கும் உண்மை, பொய் என்பவற்றுள் ஒன்றே விடை. கூற்றுகளுள் சில எதிர்மறையாய் அமைந்தன. தமிழாக்கம் இடர்ப்படுவது ஈண்டேயாம். 'நான் பூட்டைப் பலமுறை இழுத்துப் பார்ப்பதில்லை' என்பது போன்றதொரு கூற்றைப் படித்துக் காட்டினால், பெரம்பலூர்ச் சிற்றூரார் 'இல்லைங்க' என்பர். அது மறுப்போ, உடன்பாடோ? தமிழ் வழக்கில் பெரும்பாலும் உடன்பாடே. கேட்டெழுதுவோர் அதனைப் 'பொய்' எனக் குறிப்பின், நலமுடையார்க்கும் நோய்மதிப்பெண் ஏறிவிடும். தாமே படித்து விடை எழுதுவார்க்கு இவ்விடர் குறைவு.

கழுவுதல் பற்றிய கூற்றுகளும் ஆராயத்தக்கன. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலும் சிமெண்டு ஆலையிலும் உழைப்பார் பன்முறை கைகால் கழுவுதல் நோயன்று. இழவு வீடு சென்று மீண்டார் தலைமுழுகுதலும் அன்னதே. 1989-இல் குட்மன் முதலியோர் வெளியிட்ட யேல்-பிரவுன் அளவை இவ்வகையில் சிறந்ததென யாம் கருதுகின்றோம். அதன் 10 வினாக்கள், நாளில் எத்துணை நேரம் கழிகின்றது, துன்பம் எவ்வளவு, அடக்க இயல்கின்றதா என வினவுவன. எண்ணத்திற்கு 5, செயலுக்கு 5 எனப் பகுத்தமையும் நன்று. தமிழில் வழங்கும் 'எண்ணச் சுழற்சி நோய்' என்னும் பெயரோ செயலை விட்டொழிந்தது. மாட்சிலி நிரலையே கொள்வார், எதிர்மறைகளை உடன்பாடாக்கி, மதிப்பெண் முறையையும் அதற்கேற்ப மாற்றி, அவ்வடிவத்தை அவ்வூர்களிலேயே மீண்டும் சோதித்தல் வேண்டும்.