பாட்டைத் துறந்த இசை நாடகம்

பாட்டுக்கென்றே எழுதப்பெற்ற நாடகம் ஒன்றை வாய் பேசாத திரையில் ஏற்றுவது தகுமா? நம்மவர்க்கு இவ்வினாவே விந்தையாகத் தோன்றும். திரை பேசத் தொடங்கியதும் நாடக மேடைப் பாட்டுகளை மூட்டை மூட்டையாக அதன்மீது ஏற்றியவர்கள் நாம். 1934-இல் வெளிவந்த ‘பவளக்கொடி’ ஒன்றே அதற்குச் சான்று. மேலை நாட்டிலோ, திரை வாய் திறக்குமுன்பே, 1925-இல் எரிக் வான் ஸ்ட்ரோஹைம் என்னும் இயக்குநர் ‘தி மெர்ரி விடோ’வைப் படமாக்கினார்.

மூல நாடகம் பிரான்ஸ் லெஹாரின் இசையில் 1905 டிசம்பர் 30 அன்று வியன்னாவில் அரங்கேறியது. களிப்பு மிக்க கைம்பெண் என்பது தலைப்பின் பொருள். கைம்பெண் நகைத்தால் முகம் சுளிக்கும் வழக்கத்தில் வளர்ந்த நமக்கு அத்தலைப்பே சற்று உறுத்தும்.

ஹன்னா என்னும் அவ்விளங் கைம்பெண் பெருஞ்செல்வி. அயல்நாட்டான் எவனையேனும் அவள் மணந்துவிட்டால் அவளுடைய சிறு நாட்டின் கருவூலமே வறண்டுவிடும். ஆகவே பாரிசிலுள்ள தூதரகம் டானிலோ என்னும் பிரபுவை அவள்மீது ஏவுகிறது. (கருவூலக் கவலையிலிருந்து காதல் கிளைப்பதை, அரசாங்கக் கோப்புகளோடு உழல்பவன் என்ற முறையில் நான் பெரிதும் சுவைத்தேன்.) பணத்துக்காக மணந்தான் என்னும் பழிக்கு அஞ்சி அவன் காதலைச் சொல்ல மறுக்கிறான். மறுமணம் புரிந்தால் தன் சொத்தை இழக்க நேரும் என்கிறாள் அவள். அவன் மனம் திறந்த பின்னரே, அச்சொத்து புதுக் கணவனைச் சேரும் என்னும் மீதி உண்மையை வெளியிடுகிறாள். ஆட்டம் முழுதும் அவள் கையில்.

ஸ்ட்ரோஹைம் இதனைக் கடைசிப் பகுதிக்குத் தள்ளிவிட்டு, படத்தின் பெரும்பகுதியைத் தாமே புனைந்த முன்கதைக்கு அளித்தார். நாயகி இங்கே சாலி என்னும் அமெரிக்க ஆடல் மங்கை. நடித்தவர் மே மரே. அவள் மேடையில் ஆடுகையில் மூவர் சிறு தொலைநோக்கிகளை உயர்த்துகின்றனர். கிழச் செல்வன் சடோயா அவள் பாதங்களை நோக்குகிறான்; பட்டத்து இளவரசன் மிர்கோ உடலை நோக்குகிறான்; ஜான் கில்பர்ட் ஏற்ற டானிலோ மட்டுமே முகத்தை நோக்குகிறான். மூன்று பார்வைகளில் மூன்று மனிதர்களையும் அளந்துவிடும் இக்காட்சிக்கு ஈடாக எந்தப் பாட்டும் நிற்காது என்பது என் துணிபு.

ஊமைப்படம் என்கிறோமே தவிர, அரங்கு ஊமையாக இருந்ததில்லை. நம் ஊர்களில் ஆர்மோனியமும் கதை சொல்வோர் குரலும் ஒலித்தன. அங்கே பெரிய அரங்குகளில் இசைக்குழுவே அமர்ந்து வாசித்தது. ஆகவே காதலர் இருவரும் வால்ட்ஸ் ஆடும் காட்சியில், பாடும் வாய் இல்லாவிடினும், பாட்டு இல்லாமற் போகவில்லை.

எனினும் ஒரு குறையை மறைக்க இயலாது. அரச குடும்பத்தின் வற்புறுத்தலால் காதலனை இழந்த சாலி சடோயாவை மணக்கிறாள். முதலிரவிலேயே அவன் இறக்கிறான். பின்னர் டானிலோவும் மிர்கோவும் துப்பாக்கிப் போரில் எதிரெதிரே நிற்கின்றனர், டானிலோ காயமுறுகிறான். மிர்கோ வேறொருவன் கையால் மடிய, டானிலோ அரசனாகி அவளை மணக்கிறான். எல்லாம் நன்றாகவே முடிகிறது. ஆனால் முடித்துவைப்பது தற்செயல், அவளுடைய மதியன்று. மேடையில் பிறரை ஆட்டிவைத்தவள் திரையில் பிறரால் ஆட்டப்படுகிறாள். பாட்டு போனதைப் பொறுக்கலாம். அவள் சிரிப்பைப் பறித்ததைப் பொறுக்க எனக்கு மனம் வரவில்லை.

1934-இல் எர்ன்ஸ்ட் லூபிட்ச் இதே கதையைப் பேசும் படமாக எடுத்து, மோரிஸ் ஷெவாலியேவையும் ஜெனெட் மக்டொனால்டையும் பாடவைத்தார். கைம்பெண்ணின் குறும்பும் அதில் திரும்பிற்று. ஆயினும் இரண்டில் ஒன்றை மீண்டும் காட்டுவோம் என்று எவரேனும் கேட்பின், நான் ஊமைப்படத்தையே கேட்பேன். அந்த வால்ட்ஸ் முடியும்வரை மட்டும்.