போட்டு வைக்கலாமா?

"சும்மா போட்டு வைப்போம், கூப்பிட்டா போகலாம்." செங்கல்பட்டுப் பக்கம் வேலை தேடும் பிள்ளைகள் அடிக்கடி சொல்வது இது. அறிவிப்பு கேட்பது ஏழு தகுதி, கையில் இருப்பது நான்கு, ஆனாலும் விண்ணப்பம் போய்விடுகிறது. இதைத் துணிச்சல் என்பதா, வீண் வேலை என்பதா? எந்த வாசலில் போடுகிறோம் என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தின் அறிவிப்பு டிப்ளமோவில் 60 விழுக்காடு கேட்டால், 59 செல்லாது. இதில் அதிகாரியின் பிடிவாதம் எதுவும் இல்லை. திரிபுர சுந்தரி தேவி வழக்கில் 1990-இல் உச்ச நீதிமன்றம் இதற்கான நியாயத்தைச் சொன்னது. விளம்பரத்தில் கேட்ட தகுதி இல்லாதவரை நியமித்தால், அவருக்கு நிகரான தகுதி இருந்தும் அந்த விளம்பரத்தை நம்பி விண்ணப்பிக்காமல் ஒதுங்கிய அத்தனை பேரும் பாதிக்கப்படுகிறார்கள். 'போட்டு வைப்போம்' என்பவர்கள் யோசிக்காத பக்கம் இது. டிஎன்பிஎஸ்சியிலும் இதே கதைதான். அறிவிக்கை வந்த நாளில் தகுதி கையில் இருக்க வேண்டும், ரிசல்ட்டுக்குக் காத்திருப்பதாகச் சொல்லிப் பயனில்லை. தகுதி கூடினாலும் சிக்கல் உண்டு. பட்டதாரிகள் விண்ணப்பிக்கக் கூடாது என்றிருந்த பியூன் வேலைக்குப் பட்டத்தை மறைத்து விண்ணப்பித்தவருக்கு, பஞ்சாப் நேஷனல் வங்கி வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் இடம் தரவில்லை.

மகிந்திரா சிட்டி, சிறுசேரி பக்கம் வந்தால் கணக்கு வேறு. தனியார் நிறுவனத்தின் தகுதிப் பட்டியல் பெரும்பாலும் மணமகள் தேவை விளம்பரம் மாதிரி: கேட்பது ஒன்று, முடிப்பது ஒன்று. ஃபிரஷர் வேலைக்கு இரண்டு வருட அனுபவம் கேட்கும் அறிவிப்பை வேறெப்படி எடுத்துக்கொள்வது? ஆனால் எல்லா வரியும் ஆசை வரி அல்ல. கேம்பஸ் தேர்வில் 'அரியர் கூடாது' என்றிருந்தால் கம்ப்யூட்டரே வடிகட்டிவிடும். அங்கே மன்றாட ஆள் கிடையாது.

ஆண்கள் 60 விழுக்காடு தகுதி இருந்தாலே விண்ணப்பிப்பார்கள், பெண்கள் நூறும் வேண்டும் என்று நினைப்பார்கள் என்று ஒரு கூற்று உலகெங்கும் சுற்றுகிறது. ஹியூலெட் பேக்கார்ட் நிறுவனத்தின் உள் அறிக்கை என்ற பெயரில் பரவியது, ஆய்வாக வெளிவந்ததல்ல. அதைப் பிடித்துக்கொண்டு பெண்களுக்குத் தன்னம்பிக்கை வகுப்பு எடுப்பது எனக்கு ஒப்பவில்லை. டாரா மோர் 2014-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரையில் விண்ணப்பிக்காமல் விட்டதற்கு ஆண், பெண் இரு தரப்பும் அதிகம் சொன்ன காரணம் ஒன்றே: தகுதி இல்லாதவரை எடுக்கமாட்டார்கள், பிறகு எதற்கு நேரத்தை வீணாக்க வேண்டும்? ஆசைப் பட்டியலை விதி என்று நம்பிவிட்டார்கள், அவ்வளவுதான்.

இதில் அதிகம் அடிபடுவது அனுபவம் உள்ளவர்கள். மறைமலை நகர் ஃபோர்டு ஆலை 2022-இல் உற்பத்தியை நிறுத்தியபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிரந்தரத் தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். ஐடிஐ சான்றிதழோடு லைனில் பல ஆண்டு நின்றவர், 'பி.இ. கட்டாயம்' என்ற ஒரு வரியைப் பார்த்து ஒதுங்கினால் நட்டம் நிறுவனத்துக்கும்தான். அவர் போடத்தான் வேண்டும். மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறையில் இந்தக் குழப்பமே இல்லை. உளியைக் கொடுத்துக் கையைப் பார்ப்பார்கள். அதே கைக்கு அங்குள்ள அரசு சிற்பக் கல்லூரியில் ஆசிரியர் பணி வேண்டுமென்றால் பட்டம் கேட்பார்கள், அதுவும் விதிதான்.

வந்த அறிவிப்புக்கெல்லாம் ஒரே ரெஸ்யூமை அனுப்புவதுதான் இந்தப் பழக்கத்தின் பெரிய கேடு. குவியல் பெருகப் பெருக நிறுவனம் வடிகட்டியை இறுக்குகிறது, முதலில் வெளியே விழுவது ஒரே ஒரு தகுதி குறைந்த நல்ல ஆள். அடுத்த கேடு, இல்லாத அனுபவத்தை இருப்பதாக எழுதுவது. சேர்ந்த பிறகு நடக்கும் சரிபார்ப்பில் மாட்டினால் வேலையோடு பெயரும் போகும்.

என் கணக்கில், தனியார் வேலையின் முக்கியப் பணியைச் செய்யத் தெரிந்து, இல்லாதது சில மாதங்களில் கற்கக்கூடியதாக இருந்தால் போடலாம். எது இல்லை என்பதையும் கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும். "தகுதி இல்லாட்டியும் வாங்கித் தர்றோம், டெபாசிட் மட்டும் கட்டுங்க" என்று எந்தக் கன்சல்டன்சியாவது சொன்னால், ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.